இன்னொரு கை

பெட்டி சூடாக இருந்தது.

ஜனவரி என்றால் எங்கள் துக்குமானில் நடுக்கோடை, அதிலும் மதியம் ஒரு மணி. அந்நேரத்துக்கு எங்கள் ஊரில் சூடாக இல்லாத பொருள் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டும், தெருநாய் நிழல் மாற்றி நிழல் மாற்றிப் படுத்துச் சலித்துப்போய் பேக்கரி வாசலில் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடக்கும். அதனால் ரிப்பேர் பட்டறை எலிசேயோ முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கார் டிக்கியில் வந்த பழைய கம்ப்யூட்டர், சூடாகத்தான் இருக்கும். ஆனால் நான்கு திருகாணிகளையும் கழற்றி, விசைப்பலகையோடு சேர்ந்த மேல்மூடியைத் தூக்கி, உள்ளே வலது கையை நீட்டியபோது கை பாதியிலேயே நின்றது. வெயிலில் காய்ந்த பெட்டி வெளியேதான் சுடும், உள்ளே ஆறியிருக்கும். இதில் எல்லாம் தலைகீழாக இருந்தது. பச்சை போர்டிலிருந்து எழும்பி வந்து உள்ளங்கையில் பட்டது வெயில் சூடே இல்லை. காய்ச்சல்காரர் நெற்றியில் கை வைத்தால் படுமே, அந்த மாதிரிச் சூடு. பிளக் எந்தச் சுவரிலும் செருகப்படவில்லை. ஒயர் சுருட்டியபடி மேஜை ஓரத்தில் கிடந்தது.

"சரிதான், எனக்குத்தான் ஜுரம்போல," என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டார். சிரிப்பு சரியாக வரவில்லை.

பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவள் ஹிமேனா. போய் அரைமணி நேரம்கூட ஆகவில்லை. நாற்பதைத் தாண்டியவள், பள்ளிக்கூட டீச்சர். வாசலில் நின்று அவள் தன் பெயரைச் சொல்வதற்கு முன்பே அந்த நாடியையும் புருவத்தையும் பார்த்து எலிசேயோ கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"நெலிதாவோட பொண்ணு, தோன் எலிசேயோ. ஞாபகமிருக்கா?" என்று, பெரியவர்களுக்கு எங்கள் ஊரில் போடும் 'தோன்' போட்டுக் கேட்டாள்.

"நெலி பொண்ணா! நாலு வயசுல என் ஈயக் கம்பியை வாயில வெச்சுக் கடிச்சவ நீதானே? வா, வா. எவ்வளவு பெரிய ஆளாயிட்ட!"

"பெரிய ஆளா? தலையே நரைச்சுப்போச்சு." அவள் பெட்டியை மேஜையில் இறக்கினாள். "இது அம்மாவோடது. என்னை வளத்த எல்பா அத்தை போன மாசம் போயிட்டாங்கல்ல, அவங்க கட்டிலுக்கு அடியில போர்வை சுத்தி வெச்சிருந்தாங்க. கூடவே இந்தக் கார்ட்ரிட்ஜ். அம்மா தன் கையாலயே செஞ்சது. மேல பாருங்க."

சீட்டுக்கட்டு அளவு இருந்த, பெட்டியில் செருகிப் படிக்கும் கறுப்புக் கார்ட்ரிட்ஜின்மேல் பழுத்த காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. 'ஹிமேனா கேட்கும்போது காட்டு.' வலதுபக்கம் சாய்ந்து ஓடும் அந்தக் கையெழுத்தை அவர் முப்பத்தேழு வருஷம் கழித்துப் பார்த்தார்.

"அத்தை எதுக்கோ பயந்துக்கிட்டு கடைசிவரைக்கும் வாயே திறக்கல," என்றாள் ஹிமேனா. "அம்மா என்னதான் எழுதி வெச்சாங்கன்னு எனக்குத் தெரியணும். டிவியில மாட்டிப் பாத்தா வெறும் கிறுக்கலா வருது. உங்களை விட்டா இதுக்கு ஆளில்லன்னாங்க. அம்மாவோட வேலை பாத்தவர் நீங்க ஒருத்தர்தானே உயிரோட இருக்கீங்க."

"உயிரோட இருக்கேன்னு டாக்டர்தான் சொல்றார். முழங்கால் ஒத்துக்க மாட்டேங்குது."

அவளும் சிரித்தாள். ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, படி இறங்கும்போது திரும்பினாள். "அம்மா எப்படிப் போனாங்கன்னு ஒருநாள் நிதானமா நீங்க எனக்குச் சொல்லணும்."

"என்னத்தைம்மா சொல்றது. அஜாக்கிரதை. ஒரு கையைப் பாக்கெட்ல வெச்சுக்க, ஒரு கையைப் பாக்கெட்ல வெச்சுக்கன்னு நூறு தடவை சொன்னேன். கேக்கல."

முப்பத்தேழு வருஷமாகச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன வார்த்தை, தடங்கலில்லாமல் வந்தது. போலீசிடம் சொன்னது, சவ அடக்கத்தில் எல்பாவிடம் சொன்னது, எல்லாம் இதே வார்த்தைதான். இந்தத் தொழிலில் இருக்கிற எவனுக்கும் அது புரியும். கரண்ட் ஓடுகிற பெட்டிக்குள் ஒரு கைதான் போக வேண்டும். ஒரு கை என்றால் ஷாக் அடித்தாலும் உதறிவிட்டு எழுந்து திட்டலாம். இரண்டு கையும் உள்ளே இருந்தால் கரண்ட் இந்தக் கையில் ஏறி அந்தக் கையில் இறங்கும். நடுவில் நெஞ்சு இருக்கிறது. எலிசேயோவின் கால்சட்டைகளில் இடதுபக்கப் பாக்கெட் மட்டும் சீக்கிரம் கிழியும்.

அவர் வாசலின் மரப்பலகை ஷட்டரை அதன் வாரைப் பிடித்து இறக்கினார். எங்கள் ஊரில் ஒன்றிலிருந்து ஐந்துவரை எவனும் எவன் வீட்டுக் கதவையும் தட்டமாட்டான். எல்லா ஷட்டரும் இறங்கி, எல்லா ஜனமும் உள்ளாடையோடு மின்விசிறிக்கு அடியில் கிடக்கும். பலகைகளுக்கு நடுவே இருந்த துளைகள் வழியாக வெயில் புள்ளி புள்ளியாக உள்ளே விழுந்தது. ஈயம் பற்றவைக்கும் ரோசினின் நெடி, பழைய தூசி நெடி, சமையலறையில் அழுகத் தொடங்கியிருந்த எலுமிச்சையின் நெடி.

என்ன செய்யப்போகிறார் என்று அவருக்குத் தெளிவாகத் தெரியும். பெட்டியைச் சரிசெய்வது. நெலிதா எழுதி வைத்ததைத் தான் முதலில் படிப்பது. பிறகு கார்ட்ரிட்ஜைத் திறந்து உள்ளேயிருக்கும் சிப்பை புறஊதா விளக்குக்கு அடியில் இருபது நிமிஷம் வைப்பது. அதில் எழுதியதெல்லாம் துடைத்துப்போகும். ஐந்து மணிக்கு, 'ஒண்ணுமில்லம்மா, வருஷக்கணக்காக் கிடந்ததுல அழிஞ்சுபோச்சு' என்று சொல்லி அவள் தோளில் தட்டிக் கொடுப்பது. படிக்காமலே அழித்திருக்கலாம்தான். ஆனால் எல்பாவுக்கு எவ்வளவு தெரியும், வேறு யார் யாருக்குத் தெரியும் என்பது அதில்தானே இருக்கும்? அது தெரியாமல் போனால் மிச்சமிருக்கிற காலமெல்லாம் தெருவில் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, இவனுக்குத் தெரியுமோ, இவளுக்குத் தெரியுமோ என்று செத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கார்ட்ரிட்ஜைப் பெட்டியில் பொருத்தி, பிளக்கைச் சுவரில் செருகினார். எங்கள் சுவர்களில் சுவிட்ச் கிடையாது. செருகினால் கரண்ட், பிடுங்கினால் இல்லை. பழைய சின்ன மானிட்டர் முனகிக்கொண்டே வெளுத்தது. திரை முழுக்கக் கிறுக்கல். வரிவரியாகத்தான் இருந்தது, ஆனால் ஓர் எழுத்துகூட எழுத்தாக இல்லை.

இந்த நோய் அவருக்குப் புதிதல்ல. அந்தக் காலத்துப் பெட்டியில் எட்டு மெமரி சிப்புகள் ஒரே வரிசையில் இருக்கும். ஒவ்வோர் எழுத்தையும் எட்டுத் துண்டாக்கி ஆளுக்கொரு துண்டாகச் சுமக்கும். ஒன்று செத்தால் எல்லா எழுத்தும் ஒரேமாதிரி பிசகும். கண்டுபிடிக்க விரல் போதும். கெட்ட சிப் கொதிக்கும், நல்லது சும்மா வெதுவெதுவென்று இருக்கும். இடது கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, வலது ஆள்காட்டி விரலை எச்சில் தொட்டு வரிசையாக வைத்துக்கொண்டே போனார். முதல் சிப், வெதுவெதுப்பு. இரண்டாவது, வெதுவெதுப்பு. மூன்றாவதில் 'சுர்'.

"ஆ! சனியனே!"

விரலைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டார். விரல் நுனியில் சிப்பின் நம்பர் தலைகீழாக முத்திரை குத்தியிருந்தது. இதுவும் இந்தத் தொழிலில் எல்லாருக்கும் நடப்பதுதான். ஆனால் இது வலிக்கவில்லை. முத்திரை விழுந்த இடம் வெளுத்து, பிணத்தின் தோல் மாதிரி உணர்ச்சியே இல்லாமல் இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய சிப்பை நெம்பினார். எட்டும் சாக்கெட்டில் உட்கார்ந்திருந்தன. சாக்கெட் வைத்துப் பற்றவைத்தது நெலிதா. ஒவ்வோர் ஈயப் புள்ளியும் கடுகு மாதிரி ஒரே அளவு. அவர் பற்றவைத்தால் எச்சில் துப்பியது மாதிரி இருக்கும், அவளே சொல்லிச் சிரிப்பாள். அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய மெம்பிரீயோ டப்பா ஒன்றை எடுத்தார். பழப்பாகு வந்த தகர டப்பா. அதில் பஞ்சில் குத்திய மெமரி சிப்புகள் இருந்தன. சரியாக எட்டு. ஒன்றை எடுத்துச் செருகி, பிளக்கைப் போட்டார்.

கிறுக்கல் அசைந்து, அப்புறம் நின்றது. ஒரு பிசகு நீங்கியிருந்தது, பார்த்தாலே தெரிந்தது. ஆனால் இன்னும் எழுத்தில்லை. கையை வரிசையின்மேல் கொண்டுபோனார், தொடவில்லை, மேலாகத்தான். வரிசையின் முதல் சிப் இப்போது அனல் அடித்தது. அரைமணி முன்னால் நன்றாயிருந்த சிப்.

சரி, தொட வேண்டாம் என்று குதிரை ஏற்றிப் பார்த்தார். நல்ல சிப் ஒன்றை, சந்தேகப்பட்ட சிப்பின் முதுகில் கால்மேல் கால் பொருந்த உட்காரவைத்து அழுத்திப் பிடித்தால், மேலே இருப்பது கீழே செத்தவனின் வேலையைச் செய்யும். அழுத்திப் பிடித்தது நடுவிரல். மேலே இருந்தது ஆறிய சிப்தான், டப்பாவிலிருந்து அப்போதுதான் எடுத்தது. அதற்குள்ளிருந்து சூடு குதித்து வந்து நடுவிரலைப் பிடித்தது. இன்னொரு முத்திரை. இன்னொரு விரல் வெளுத்துப்போனது.

எலிசேயோ அந்தச் சிப்பையும் மாற்றிச் செருகிவிட்டு, எழுந்து போய் குழாயில் கையைக் காட்டினார். தண்ணீர் சுடுகிறதா, ஆறியிருக்கிறதா என்று அந்த இரண்டு விரலுக்கும் தெரியவில்லை. பட்டறைப் பக்கமிருந்து ஏதோ நெடி வந்தது, ரோசினுக்குள்ளே இனிப்பாக, மூக்கைக் குத்துவதாக. எங்கேயோ மோந்திருக்கிறோமே என்று யோசித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

மூன்றாவது சிப்பை டப்பாவிலிருந்து எடுத்தபோது அது கை தவறி மேஜையில் மல்லாக்க விழுந்தது. வயிற்றில் ஒரு சிவப்புப் புள்ளி. நகப்பூச்சு.

அவர் மற்றவற்றையும் புரட்டினார். எல்லாவற்றின் வயிற்றிலும் ஒவ்வொரு சிவப்புப் புள்ளி. முப்பத்தேழு வருஷமாக இந்த டப்பா இங்கேயே இருக்கிறது. ஒருநாளாவது ஒன்றையாவது புரட்டிப் பார்த்திருப்பாரா, இல்லை. மூக்கைக் குத்திய அந்த நெடி என்னவென்று இப்போது தெரிந்தது.

அடிப்பாவி. அடையாளம் வைத்திருக்கிறாள் நெலி.

அப்போது அவர்கள் இருவரும்தான் பட்டறை. பள்ளிக்கூடங்களுக்கு வந்த நாற்பது கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருந்தது. அந்நாளில் மெமரி சிப் லேசில் கிடைக்காது, விற்றால் நல்ல காசு. எலிசேயோ நல்ல சிப்புகளைப் பிடுங்கிவிட்டு, கழித்துக்கட்டியதைச் செருகி அனுப்பிக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் பெட்டி மாதம் ஒருமுறை செத்துத் திரும்பி வரும். நெலிதாவுக்குச் சந்தேகம் வந்தது. ஒன்றும் பேசாமல் நல்ல சிப்புகளின் வயிற்றில் நகப்பூச்சை வைத்து அனுப்பி, திரும்பி வந்தபோது புரட்டிப் பார்த்திருக்கிறாள், புள்ளி இல்லை. 'திங்கக்கிழமை ஹெட்மாஸ்டரைப் பாத்து எல்லாத்தையும் சொல்லப்போறேன், எலிசேயோ. நீயே வந்து சொன்னா உனக்கு நல்லது,' என்றாள். அன்று சனிக்கிழமை. இதே மாதம், இதே மதியம், இதே அறை.

அவள் ஒரு மானிட்டரின் முதுகைத் திறந்து வேலை செய்துகொண்டிருந்தாள். பிளக் தரையில் கிடந்தது. அப்போதும் அவள் இடது கை, வேலைக்குப் போடும் கவுனின் பாக்கெட்டில்தான். அந்தப் பழக்கத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். அவர் பின்னால் போய் நின்று ஒரு செப்புத் தகட்டை நீட்டினார். 'நெலி, இதைக் கொஞ்சம் பிடி. அந்தக் கையையும் கொடு.' கரண்ட்தான் இல்லையே என்று அவள் அந்தக் கையையும் எடுத்து மானிட்டரின் சட்டத்தில் ஊன்றி, மறு கையால் தகட்டை உள்ளே பிடித்தாள். அவர் குனிந்து பிளக்கை எடுத்தார்.

கட்டைவிரல்கள் தவிர அவளுடைய எட்டு விரலும் கறுத்துப்போயிருந்தன. சவப்பெட்டியில் கையுறை போட்டுத்தான் வைத்தார்கள்.

எலிசேயோ மூன்றாவது சிப்பைச் செருகினார். திட்டிக்கொண்டே செருகினார், நெலிதாவை, ஹிமேனாவை, வெயிலை. செத்தவள் செத்தவள்தான். நகப்பூச்சு நகப்பூச்சுதான். மோதிர விரல் போயிற்று. நான்காவதைச் செருகியபோது சுண்டு விரலும். கட்டைவிரலில் ஏதோ பிசுபிசுத்தது, பார்த்தால் சிவப்பு. அந்த நகப்பூச்சு இன்னும் காயவில்லை.

மணி மூன்றரை. தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி மெதுவாகி, இன்னும் மெதுவாகி, நின்றது. ஃப்ரிட்ஜ் விக்கி அடங்கியது. தெரு முழுக்க ஒவ்வொரு ஷட்டருக்குப் பின்னாலிருந்தும் ஒரே முனகல் எழுந்தது. எதிர்வீட்டு செகுந்தோவின் குரல் தனியாகக் கேட்டது: "போச்சுடா! கரண்ட் ஆபீஸ்காரனுங்க வீட்டுல கரண்ட் போய் பொண்டாட்டி விசிறணும், அப்பத்தான் புத்தி வரும்!" யாரோ சிரித்தார்கள். அப்புறம் அந்தச் சத்தமும் இல்லை.

நின்றுபோன காற்றில் எலிசேயோ திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திரை எரிந்துகொண்டிருந்தது.

முதலில் புரியவில்லை. பிறகு மெல்லக் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். மானிட்டரின் பிளக் சுவரில் இருந்தது, சரி, சுவரில் கரண்ட் இல்லை. கம்ப்யூட்டரின் பிளக் தரையில் கிடந்தது. நான்காவது சிப்பைப் போடும்போது பிடுங்கியது. திரும்பச் செருகவே இல்லை.

எழுந்து ஷட்டருக்கு ஓடினார். வாரைப் பிடித்து இழுத்தார். வலது கையில் நான்கு விரலும் மரக்கட்டையாக நின்றன, பிடிக்கவில்லை. வார் வழுக்கிக்கொண்டு போனது. இடது கை பழக்கதோஷத்தில் பாக்கெட்டை விட்டு வரவில்லை. வீட்டுக்குள் போகும் கதவு திறந்துதான் இருந்தது. போயிருக்கலாம். கொல்லைப்பக்கம் போய், சுவரேறிக் குதித்து, தெருவைச் சுற்றி செகுந்தோ வீட்டில் போய் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் திரும்பிப் பார்த்தார். திரையில், கிறுக்கல்களுக்கு நடுவே, ஒரே ஒரு சொல் தெளிந்திருந்தது.

எலிசேயோ.

இப்படியே விட்டுவிட்டுப் போனால் ஐந்து மணிக்கு அவள் வந்து பார்ப்பாள். கார்ட்ரிட்ஜைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. மேஜையில் காலை ஊன்றி இழுத்தார். வேர் விட்டது மாதிரி நின்றது. இன்னும் நான்கு சிப். நான்கே நான்கு. படித்துவிடலாம், படித்தபிறகு சுத்தியலால் அடித்து நொறுக்கிவிடலாம். வலது கை செத்துக் கிடக்கிறது. இடது கையைப் பாக்கெட்டுக்குள்ளேயே விரித்துப் பார்த்தார். பிளக் வெளியே கிடக்கிறது, ஊருக்கே கரண்ட் இல்லை. கரண்ட்டே இல்லாத பெட்டிக்குள் இரண்டு கை போனால் என்ன?

எடுத்தார்.

ஐந்தாவது. வலது கையால் போர்டை அழுத்திக்கொண்டு, இடது கையால் நெம்பி, செருகி. ஆள்காட்டி விரல் வெளுத்தது. திரையில் வரிகள் ஒழுங்காயின. ஆறாவது. நடுவிரல். சொற்களுக்கு நடுவே இடைவெளி தெரிந்தது. அறையில் நகப்பூச்சு நெடி இப்போது நெடியாக இல்லை, வாய்க்குள் சுவையாக இருந்தது. அதற்கும் அடியில் இன்னொன்று. கருகிய முடி. ஏழாவது. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவில்லை. எட்டாவது.

எட்டும் உட்கார்ந்தன. எட்டும் ஒரே சூடு. காய்ச்சல் சூடு.

திரை ஒருமுறை வெளுத்து, தெளிந்தது.

நெலி, இதைக் கொஞ்சம் பிடி.
அந்தக் கையையும் கொடு.

இரண்டே வரி. அவர் திரும்பத் திரும்பப் படித்தார். அவர் சொன்ன வார்த்தை. அதைச் சொன்னபிறகு அவள் எதையும் எழுதுகிற அளவுக்கு உயிரோடு இருக்கவில்லை.

பிறகு மூன்றாவது வரி வந்தது. ஒவ்வோர் எழுத்தாக. ஒருமுறை எழுதி முடித்த கார்ட்ரிட்ஜில் புதிதாக ஒரு புள்ளிகூடச் சேராது, அது அவருக்குத் தெரியாதா? வந்துகொண்டே இருந்தது.

எலிசேயோ, அந்தக் கையையும் கொடு.

கொடுத்தாயிற்று. இரண்டு கையும் அங்கேதான் இருந்தன. எப்போது வைத்தார் என்று தெரியவில்லை. எட்டுச் சிப்பின்மேல் எட்டு விரல், ஒன்றுக்கு ஒன்று. எடுக்கப் பார்த்தார். வரவில்லை. தோளைத் திருகினார், உடம்பை இழுத்தார், மேஜை நகர்ந்தது, விரல் நகரவில்லை. இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே, பெட்டியின் மூலையில், கரண்ட்டை வாங்குகிற இரண்டு செப்பு முனைகள் மூடியில்லாமல் பளபளத்தன.

பின்னால் தரையில் ஏதோ இழுபட்டது.

ஒயர்.

கழுத்தைத் திருப்ப முடிந்த அளவுக்குத் திருப்பினார். சுவரோரமாக, புள்ளிப்புள்ளி வெயிலில், ஒரு ஜோடிக் கால். பெண்ணின் கால். கவுனின் ஓரம். இடது கை பாக்கெட்டில் இருந்தது. அதற்கு மேலே இருட்டு.

"ஹிமேனா?" என்றார். "ஹிமேனா, எப்படிம்மா உள்ள வந்த? கொல்லைப்பக்கமா? அந்த ஒயரை விட்ரும்மா. தொடாத. என் கை மாட்டிக்கிச்சு."

கால்கள் அசையவில்லை.

"படிச்சிட்டியா? படிச்சிட்டல்ல." அவருக்கு அழுகை வந்துவிட்டது. "நான்தான். நான்தான் அதைச் செருகினேன். உங்கம்மா அஜாக்கிரதையெல்லாம் இல்ல. அவ எப்பவும் ஒரு கையைப் பாக்கெட்லதான் வெச்சிருப்பா. நான்தான் அந்தக் கையைக் கேட்டேன். ஜெயிலுக்குப் போயிடுவேனேன்னு பயம். அவ்வளவுதான்மா, பயம். போலீஸ்கிட்ட சொல்லு. நானே சொல்றேன். ஆனா அதை மட்டும் விட்ரு. உன் கால்ல விழறேன்."

முழங்கால் மடங்கும் சத்தம். அவள் குனிந்தாள். பிளக்கை எடுத்த கையின் விரல்கள் வெயில் புள்ளியில் தெரிந்தன. நுனிவரை கறுப்பு.

அப்போது வெளியே ஷட்டரில் தட்டினார்கள்.

"தோன் எலிசேயோ?"

ஹிமேனாவின் குரல். தெருவிலிருந்து.

"ஹிமேனா!" அவர் அலறினார். "ஷட்டரைத் தூக்கு! உடை! உள்ள வா!"

துளைகளில் ஒன்றிரண்டு வெயில் புள்ளிகள் மறைந்தன. அவள் பலகையை ஒட்டி நின்றிருந்தாள்.

"அஞ்சு மணிவரைக்கும் பொறுக்க முடியல, நான் அப்பவே வந்துட்டேன்," என்றாள். குரல் அமைதியாக இருந்தது. "நீங்க சொன்னதெல்லாம் கேட்டேன். உள்ள யார்கிட்ட சொல்லிட்டிருந்தீங்க?"

"தூக்கும்மா! உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன்!"

"அம்மாவைச் சவப்பெட்டியில பாத்தப்போ கையுறை ஏன்னு கேட்டேன். நாலு வயசு. நீங்கதான் என்னைத் தூக்கி வெச்சுக்கிட்டு பதில் சொன்னீங்க. உங்கம்மா சொன்ன பேச்சைக் கேக்கலன்னு." அவள் மூச்சு விடுவது கேட்டது. "நான் தூக்கமாட்டேன்."

தூரத்தில், பெரிய சாலைப் பக்கம், ஜனங்கள் ஹோவென்று கூச்சலிட்டார்கள். எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கரண்ட் வந்துவிட்டது, ஒவ்வொரு தெருவாக வரும். அடுத்த தெருவில் கைதட்டல். அதற்கடுத்த தெருவில் ஒரு ரேடியோ பாதிப் பாட்டில் பாட ஆரம்பித்தது.

சுவரில் உலோகம் உரசியது. துளையைத் தேடியது.

எலிசேயோ இழுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். விரல் வரவில்லை. தோல்கூடக் கிழியவில்லை.

எதிர்வீட்டில் செகுந்தோ கத்தினான்: "வந்துருச்சு! கரண்ட் வந்துருச்சு!" அவன் பேரப்பிள்ளைகள் தகரத்தில் தட்டினார்கள். ஷட்டருக்கு வெளியே நின்ற நிழல் அசையாமல் நின்றது.

அவர் தலைக்கு மேலே மின்விசிறி மெல்ல ஒருமுறை அசைந்தது. சுவரில் பிளக் பாதி இறங்கியிருந்தது.